யார் ஜாடை?

சென்ற தை மாதம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு கைமாறிக் கொண்டிருந்த நேரம். கோட்டாற்றிலிருந்து வந்திருந்த எங்கள் உறவுக்கார ஆச்சி ஒருத்தி, என் எட்டு வயதுப் பேத்தியின் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "மக்கா, இது யாருக்க ஜாடை? மூக்கப் பாரு, தாத்தாக்க மூக்குல்லா!" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்? தற்செயலாக என் மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் கொண்டாள்.

அவள் அப்படி இழுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. அது எனக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் இம்முறை எழுதப் போகிறேன். வழக்கமாக நான் இம்மலருக்கு ரயில்வே பழங்கதைகளைத்தான் தருவது வழக்கம். வாசக அன்பர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

பிள்ளை யாரைப் போல இருக்கிறது என்று பார்ப்பதில் நமக்கு இருக்கும் ஆவல் சொல்லி மாளாது. சாயல், ஜாடை, முகவெட்டு, அச்சு, வார்ப்பு என்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம்! 'உரித்து வைத்தாற்போல' என்கிறோம். மகன் வயிற்றுப் பிள்ளையைப் 'பேரன்' என்கிறோமே, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால் வந்த 'பெயரன்'தான் அது. பெயரைக் கொடுத்துவிட்டு, முகமும் வந்திருக்கிறதா என்று தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிறோம். இதில் தவறொன்றும் இல்லை. பெற்றவர்களுக்கும் பாட்டன் பாட்டிக்கும் இது செலவில்லாமல் கிடைக்கும் ஒரு சுகம். ஆனால் இந்தச் சுகத்துக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. என் அறுபத்து சொச்சம் வயதில் அந்த முள் மூன்று தடவை குத்தியிருக்கிறது. முதல் தடவை குத்துப்பட்டது என் தகப்பனார்.

எங்கள் தாத்தா கோட்டாற்றிலிருந்து வந்து சாலையில் பலசரக்குக் கடை போட்டவர். திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கம்போளம் அது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எனக்குத் தெரிந்த சாலை வற்றல் மிளகாய் நெடியும், கொத்தமல்லி மூட்டையும், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து புரளும் பேச்சும்தான். பள்ளி விட்டதும் கடைக்குப் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்வேன். வருகிறவர்கள் எல்லாம் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மலையாளிகள், "அச்சனெப் போலெ தன்னெ" என்பார்கள். அப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு நிறுவையில் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, கோட்டாற்றில் ஒரு மண்டியிலிருந்து வர வேண்டிய பாக்கியை வாங்கி வர என்னை அனுப்பினார். அடையாளத்துக்குக் கடிதம் ஒன்று எழுதிச் சட்டைப் பையில் வைத்தார். மண்டிக்காரர் என்னை அதற்குமுன் பார்த்ததே இல்லை. படியேறும்போதே மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "சாலை அண்ணாச்சிக்க மகனாலே நீ? கேக்கவே வேண்டாம், வா" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்து, கடைப் பையனை விட்டுப் பஸ் ஏற்றி அனுப்பினார். கடிதம் பையிலேயே கிடந்தது. இதை வந்து சொன்னதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக் கொண்டிருந்தார். ஆதார் அட்டை இல்லாத அந்தக் காலத்தில் வியாபாரிக்கு முகம்தான் அட்டை, முகம்தான் கடன் பத்திரம். மகன் முகம் தன் முகமாக இருந்தால் கடை இன்னொரு தலைமுறைக்கு நிலைத்தது என்று அவர் நம்பிவிட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, 1982-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். நியமன உத்தரவு வந்த அன்று அப்பா திட்டவில்லை. "மூஞ்சிய மட்டும் எனக்கிட்டேருந்து எடுத்துக்கிட்டே, என்னலே?" என்று மட்டும் கேட்டார். பிறகு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 1994-இல் கடையைக் கைமாற்றினார். அதன் பிறகும் பழைய சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால், "இப்பத்தான் ஆரியசாலை முக்குல உன்னப் பாத்தேன்னு நெனச்சேன். கிட்டப் போனா உம் மகன்" என்பார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்கு வேறு முகம் இருந்திருந்தால், இவன் வேறு ஆள், இவனுக்கு வேறு வழி என்று அவர் சீக்கிரமே சமாதானம் ஆகியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். நான் கொடுக்காத ஒரு வாக்கை என் முகம் அவருக்குக் கொடுத்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அப்பாவின் அப்பா காலம் வரை எங்கள் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்தது. சொத்து மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. மகனுக்கு 'உகந்துடைமை' என்று ஏதோ ஒரு சிறு பங்கு உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இதே திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தவர், அந்த முறையால் குடும்பங்கள் பட்ட பாட்டை 'மருமக்கள் வழி மான்மியம்' என்று நகைச்சுவையும் கண்ணீருமாக எழுதினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மகனுக்கு உரிமை ஏற்பட்டது. அந்த மாற்றம் நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு யோசனை உண்டு. மருமக்கள் வழியில் இருந்த தகப்பன் தன் மகன் முகத்தில் தன்னைப் பார்க்கும்போது, கடையையோ வயலையோ சேர்த்துப் பார்க்க முடியாது. முகம் வேறு, சொத்து வேறு. முகத்தை முகமாக மட்டும் ரசித்திருப்பானோ? அல்லது, 'என்னைப் போலவே இருக்கிற இவனுக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லையே' என்று இன்னும் அதிகமாக வெந்திருப்பானோ? எங்கள் பெரிய பாட்டனாரைக் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்கும் வயதில் எனக்கு இந்தப் புத்தி இல்லை.

விஞ்ஞானம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஓய்வு பெற்றபின் கொஞ்சம் படித்தேன். தாயிடமிருந்து 23 குரோமோசோம், தந்தையிடமிருந்து 23. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் எது வந்து சேரும் என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான். அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவன் அப்பா மாதிரி, ஒருத்தி யார் மாதிரியும் இல்லை. கால்டன் என்ற ஆங்கிலேயர் 1886-இலேயே பெற்றோர் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து, மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவே இருக்கிறார்கள் என்று காட்டினார்.

சுவாரசியமான விஷயம் வேறு. கனடாவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 1982-இல், பிள்ளை பிறந்தவுடன் வீட்டார் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து எழுதினார்கள். பெற்றவளும் அவள் வீட்டாரும்தான் 'அப்பா ஜாடை' என்று அதிகம் சொன்னார்களாம். படித்ததும் என் மாமியார் நினைவு வந்தது. பிறந்து இரண்டு மணி நேரம் ஆன, யார் ஜாடையும் இல்லாத, சுருங்கிச் சிவந்த குழந்தையை என் கையில் வைத்து, "மாப்பிளயப் போலவே இருக்கு பாருங்க" என்றாரே! உலகம் முழுக்க மாமியார்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும். ஒரு வயதுக் குழந்தை தாயைவிடத் தந்தையையே ஒத்திருக்கும் என்று 1995-இல் ஒரு ஆய்வு வந்தது. பின்னால் செய்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக் கிராமங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், தன்னைப் போல இருக்கும் பிள்ளைக்குத் தந்தை கூடுதலாகக் கவனம் தருகிறான், அந்தப் பிள்ளை நன்றாக வளர்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் தாயைப் பிரிந்து வாழும் தந்தையரைப் பற்றிய ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. குழந்தை தன் ஜாடை என்றால் தந்தை மாதம் சராசரியாக இரண்டரை நாள் கூடுதலாக அதனோடு இருக்கிறானாம், அந்தக் குழந்தையின் ஆரோக்கியமும் மேலாக இருக்கிறதாம்.

இதெல்லாம் பிள்ளைக்குக் கிடைக்கும் லாபக் கணக்கு. பெற்றவனின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு என்னிடம் இருப்பது என் வீட்டுக் கணக்கு ஒன்றுதான்.

என் மகள் 1989-இல் பிறந்தாள். என் மனைவி நல்ல நிறம், சின்ன முகம். மகளுக்கு வந்தது என் கறுப்பும், அப்பா வழியில் வந்த, நடுவில் மேடிட்டு அகன்ற மூக்கும். மாமியார் வாக்கு பலித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது நான் கொல்லம் பகுதியில் பாதைப் பராமரிப்பில் இருந்தேன். டிராலியில் போகும்போது கூட வரும் கேங்மேன்களிடமெல்லாம் இதையே சொல்லிக் கொண்டு போவேன். அப்பாவும் அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் என்னோடு மறுபடி சகஜமாகப் பேச ஆரம்பித்தார். "எங்கிட்டேருந்து உனக்கு, உங்கிட்டேருந்து இவளுக்கு" என்று அதன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்த மூக்கால் எனக்கு அப்பா திரும்பக் கிடைத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அவளுக்குப் பத்து வயது ஆனபோது பேச்சு மாறிற்று. "அம்மா நிறம் கொஞ்சம் வந்திருக்கலாம்." "ஆம்பளப் பிள்ளைன்னா அப்பா மாதிரி கம்பீரம்னு சொல்லலாம். பொட்டப் பிள்ளைக்கு..." இப்படி ஆளுக்கொரு வாக்கியம். கஸ்தூரி மஞ்சள் வந்தது, பயற்றமாவு வந்தது, டப்பா டப்பாவாகக் களிம்பு வந்தது. அதே ஜாடைதான், ஆனால் இப்போது அதைச் சொல்லும் குரலில் அனுதாபம். நான் தூரத்தில் இருந்தேன், மாதம் இருமுறை வந்து போனேன். இதெல்லாம் பெண்கள் பேச்சு என்று ஒதுக்கினேன். அது என் பிழை.

பெண் பார்க்க வந்த இரண்டு இடம் தட்டிப் போயிற்று. மூன்றாவது இடத்தில் தரகர் ஒளிவு மறைவு இல்லாமலே சொன்னார், "பெண்ணு அப்பா மாதிரி இருக்குன்னு சொல்லுதாங்க சார்." அன்று இரவு மகள் கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் இரண்டு மூக்கும் தெரிந்தன. அவள் திரும்பாமலே, "எனக்கு உங்க மூக்கு வந்தது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்னு அம்மா சொல்லுவா. நான் ஒரு நாளாவது அதுக்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்னு நெனைக்கிறீங்களா அப்பா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பின் பல வருஷம், யாராவது "அப்படியே அப்பா" என்றால் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் ஏதோ குற்றம் செய்து, அதன் தடயத்தை மகள் முகத்தில் விட்டுவிட்டது போல இருந்தது. கூட வேலை பார்த்த ஒரு நல்ல பையனை அவளே தேர்ந்து கல்யாணம் செய்து கொண்டாள். அந்தக் கவலை அதோடு தீர்ந்தது. சுருக்கென்றது தீரவில்லை.

சாலைத் தெருவிலேயே கடை வைத்திருந்து, அந்தத் தெருவையே கதைகளாக எழுதிய ஆ. மாதவனை நம்மில் பலருக்குத் தெரியும். 2015-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர், 2021 ஜனவரியில் மறைந்தார். அவருடைய 'புனலும் மணலும்' நாவலில் ஆற்றில் மணல் அள்ளும் அங்குசாமி, மனைவி கூட்டி வந்த பெண் பங்கியை அவள் அவலட்சணத்துக்காகவே வெறுக்கிறான். வெறுக்க வேறு காரணம் அவனுக்கே அகப்படவில்லை. அந்த முகத்தில் தனக்கென்று ஒன்றும் இல்லை என்பதும் அந்த வெறுப்பில் கலந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும். இளம் வயதில் படித்தபோது அங்குசாமி மேல் ஆத்திரம் வந்தது. மகள் கேள்வி கேட்ட பிறகு படித்தபோது, என் உறவினர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் அங்குசாமியாகத் தெரிந்தார்கள்.

சொந்த ஜாடை இல்லாமலே பிள்ளை வளர்க்கிறவர்களையும் நினைக்க வேண்டும். தைக்காட்டில் குழந்தைகள் நலக் கழகத்தின் 'அம்மத்தொட்டில்' 2002 முதல் இருக்கிறது. கைவிடப்படும் சிசுக்களைப் பத்திரமாக ஒப்படைக்க ஏற்படுத்திய தொட்டில். அப்படி நம் ஊரில் பல வீடுகளுக்குக் குழந்தைகள் போயிருக்கின்றன. தத்து எடுத்த ஒரு தம்பதி எங்களுக்குப் பழக்கம். கோயிலில், கல்யாணத்தில் யாராவது குழந்தையின் முகவாயைத் தொட்டு, "யார் மாதிரி?" என்று கேட்டுவிடுவார்கள் என்று பயந்தே அந்த அம்மாள் பல விசேஷங்களுக்கு வருவதில்லை. கேட்கிறவருக்கு அது பொழுதுபோக்கு.

2021-இல் நம் ஊரையே உலுக்கிய வழக்கு நினைவிருக்கும். தன் சம்மதம் இல்லாமல் குழந்தை தத்துக்குப் போய்விட்டது என்று ஒரு தாய் போராடினாள். குழந்தை ஆந்திராவில் ஒரு தம்பதியிடம் இருந்தது. திரும்பக் கொண்டு வந்து, ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையத்தில் டி.என்.ஏ. சோதித்து, நவம்பர் மாதம் நீதிமன்றம் பெற்ற தாயிடமே ஒப்படைத்தது. அதுதான் நியாயம். ஆனால் அந்த ஆந்திரத் தம்பதியைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்தேன். சில மாதங்களே வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் மூக்கும் கண்ணும் அவர்களுடையதல்ல என்று அவர்களுக்குத் தெரியாதா? வழியனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருந்த அவர்களுக்கு, 'உங்கள் ஜாடை இல்லையே' என்று சொன்னால் ஆறுதலாகவா இருந்திருக்கும்?

வெளியூரில் குடியேறிய நமக்கு இந்த ஜாடைப் பைத்தியம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஊரில் இருப்பவனுக்குப் பிள்ளை தன்னுடையவன் என்று காட்டத் தெரு இருக்கிறது, கோயில் கொடை இருக்கிறது, பேச்சு இருக்கிறது. நம் பிள்ளைகள் மலையாளத்தில் கனவு காண்கிறார்கள். அடுத்த தலைமுறை பெங்களூரிலும் துபாயிலும் ஆங்கிலத்தில் அழுகிறது. நம் சங்க நூலகத்துக்குத் தமிழ் படிக்க வரும் இளைஞர்களை விரல்விட்டு எண்ணலாம். தமிழ் போனால் போகட்டும், மூக்காவது நம்முடையதாக இருக்கிறதே என்று பிடித்துக் கொள்கிறோம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பேத்தியின் மூக்கைப் பார்த்து நான் மகிழ்ந்ததில் பாதி இதுதான். அவளுக்கு என் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. மூக்கு தானாக வருவது. எழுத்தை யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். நான் இன்னும் உட்காரவில்லை.

மகனைப் பற்றி ஒரு வரி சொல்லி விடுகிறேன். முகம் முழுக்க அம்மா. கோபம் முழுக்க நான். அவன் கொச்சியிலிருந்து தொலைபேசியில் யாரையோ அதட்டும்போது, கேங்மேன்களை நான் அதட்டியது அப்படியே காதில் விழுகிறது. இந்த ஜாடையை எந்த ஆச்சியும் முகவாயைப் பிடித்துப் பார்த்ததில்லை. எனக்குத்தான் தெரியும், எனக்குத்தான் கூச்சம்.

முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு கிடந்தவன் என்பதால் ஒரு தொழில் விஷயத்தையும் சொல்கிறேன். அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். இரும்பால் செய்த, அளவுகோல் வைத்துப் போட்ட பாதைக்கே சில மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு. கடும் வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாக வைப்பதும் உண்டு. இல்லாவிட்டால் வண்டி திரும்பாது. அப்பா இதை என்னிடம் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். அவர் கேட்டதெல்லாம் ரயிலில் எத்தனை மூட்டை மல்லி ஏற்றலாம் என்பதுதான்.

கல்யாண வீட்டுக்கு வருகிறேன். ஆச்சி நகர்ந்து போன பின், பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் மூக்கைத் தொட்டாள். "தாத்தா, நம்ம ரெண்டு பேரும் சைடு போஸ்ல ஒரு போட்டோ எடுக்கலாம்" என்றாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் கைப்பேசியை எடுத்து, "ரெண்டு பேரும் வாசல் பக்கம் திரும்புங்க" என்று சொல்லி, எடுத்தாள்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன். அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.